ஏர்கோன் ரிமோட்டில் எதை அமுக்குவது? கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஓர் அறை எடுத்தால் சாவியோடு சேர்த்து ஏர்கோனுக்கான (ஏ.சி.) ஒரு வெள்ளை ரிமோட்டும் கைக்கு வரும். கேட் சாவி எது, வாசல் சாவி எது, குப்பையை எங்கே போடுவது என்று எல்லாவற்றையும் ஓனர் சொல்வார். ரிமோட்டைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதன் கையேடு எப்போதோ தொலைந்திருக்கும். பொத்தான்மேல் இருந்த எழுத்துகளும் பாதி தேய்ந்திருக்கும். வெயிலில் வெந்து வந்த ஆள் என்ன செய்வார்? கீழ்நோக்கிய அம்புக்குறியை 16 வரும்வரை அமுக்குவார். ராத்திரி இரண்டு மணிக்கு நடுங்கிக்கொண்டே எழுந்து அணைப்பார். மூன்று மணிக்கு வேர்த்து எழுந்து மறுபடி போடுவார். பல பேருக்கு வருடக்கணக்கில் இப்படியே ஓடுகிறது.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தானிலிருந்தோ சித்தியவானிலிருந்தோ படிக்க வந்து முதன்முறையாக ஏர்கோன் அறையில் தங்குபவர்கள், இரு தரப்பினரையும் மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பானசோனிக், டைக்கின், மிடியா, யார்க், ஏக்சன் என்று பிராண்டு எதுவானாலும் ரிமோட்டின் அடிப்படை ஒன்றுதான். பொத்தான் இருக்கும் இடம்தான் மாறும்.

அந்த எண் எதைக் குறிக்கிறது

ரிமோட்டின் திரையில் தெரியும் 24, 20, 16 எதுவும் மெஷின் ஊதும் காற்றின் குளிர் அல்ல. அறை இந்த அளவுக்கு வந்ததும் ஓய்வெடு என்று மெஷினுக்கு நீங்கள் சொல்லும் கட்டளை அது. சுவரில் இருக்கும் பெட்டி மேல்பக்கமாக அறைக்காற்றை உறிஞ்சுகிறது. அந்த வழியில், ஃபில்டருக்குப் பின்னால், ஒரு சின்ன சென்சார் உண்டு. உள்ளே வரும் காற்று நீங்கள் வைத்த எண்ணைவிடச் சூடாக இருந்தால் வெளியே இருக்கும் கம்ப்ரசர் ஓடும். எண்ணை எட்டிவிட்டால் பழைய வகை மெஷினில் கம்ப்ரசர் நின்றுவிடும், இன்வெர்ட்டர் வகையில் வேகம் குறைந்து மெதுவாக ஓடும். குளிர் நாட்டு வீடுகளில் ஹீட்டருக்கு மாட்டியிருக்கும் தெர்மோஸ்டாட்டும் இதே வேலையைத்தான் தலைகீழாகச் செய்கிறது: எண்ணுக்குக் கீழே அறை போனால் ஹீட்டர் ஓடும், எட்டியதும் நிற்கும்.

இது புரிந்தால் 16 வைப்பதில் என்ன தப்பு என்பதும் புரிந்துவிடும். செந்தூலில் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்க வேண்டியவர் காஜாங்குக்கு டிக்கெட் எடுத்தால் ரயில் வேகமாகப் போகாது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவார், அவ்வளவுதான். பழைய வகை கம்ப்ரசருக்கு ஒரே வேகம். 24 வைத்தாலும் 16 வைத்தாலும் அதே வேகத்தில்தான் குளிர்விக்கும். இன்வெர்ட்டருக்குப் பல வேகங்கள் உண்டு. ஆனால் அறை 31 டிகிரியில் கொதிக்கும்போது 24 என்று சொன்னாலே அது முழு வேகத்தில்தான் ஆரம்பிக்கும். 16 என்று சொன்னால் 24-ஐத் தாண்டிய பிறகும் வேகத்தைக் குறைக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதிலும், மேற்கு வெயில் அடிக்கும் ஓர் அறையைச் சின்ன ஏர்கோனால் 16-க்குக் கொண்டுவரவே முடியாது. எட்ட முடியாத எண்ணைத் துரத்தி விடிய விடிய ஓடும்.

முதல் இரவு, வரிசையாக

முதலில் சுவரைப் பாருங்கள். இந்த ஊரில் ஏர்கோனைச் சாதாரண பிளக்கில் சொருகுவது அபூர்வம். மெஷினுக்கு அருகிலோ கதவோரத்திலோ சிவப்பு விளக்கு வைத்த தனி சுவிட்ச் ஒன்று இருக்கும். அது அணைந்திருந்தால் ரிமோட்டை எத்தனை முறை அமுக்கினாலும் பயன் இல்லை. ‘ரிமோட் ரிப்பேர்’ என்று புகார் சொல்பவர்களில் பாதிப்பேர் இந்த சுவிட்சைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உடனே ஏர்கோனைப் போடாதீர்கள். பகல் முழுக்க வெயில் குடித்த சிமெண்ட் சுவர் ஏழு, எட்டு மணிக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்நேரம் வெளியைவிட உள்ளேதான் சூடு அதிகம். ஜன்னலைத் திறந்து, சீலிங் ஃபேனைச் சுற்றவிட்டு, குளித்துவிட்டு வாருங்கள். பிறகு ஜன்னலை அடைத்துவிட்டு ஏர்கோனைப் போடுங்கள்.

ரிமோட்டை மெஷினுக்கு நேராகக் காட்டிப் பவர் பொத்தானை அமுக்கினால் ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். மெஷினில் பச்சை விளக்கு எரியும், கீழே இருக்கும் மடல் திறக்கும். மோட் என்று எழுதிய பொத்தானைப் பனிப்படிக நட்சத்திரம்போல ஆறு கிளை உள்ள படம் வரும்வரை அமுக்குங்கள். அதுதான் கூல், உங்களுக்கு வேண்டியது. நீர்த்துளிப் படம் டிரை, காற்றாடிப் படம் வெறும் ஃபேன், சூரியன் படம் ஹீட். வட்டமாகச் சுற்றும் அம்புகளோ ஏ என்ற எழுத்தோ இருந்தால் ஆட்டோ. இங்கே விற்கும் மெஷின்கள் பெரும்பாலும் குளிர் மட்டும் தருபவை. குளிர் நாடுகளுக்கும் அதே ரிமோட் போவதால் சில ரிமோட்டில் சூரியன் அப்படியே இருக்கிறது. தெரியாமல் அதில் வைத்துவிட்டு ‘சூடாவும் வரல, குளிராவும் வரல’ என்று குழம்ப வேண்டாம்.

வெப்பநிலையை 24-இல் வையுங்கள். மலேசியாவில் மின்சாரச் சிக்கனம் பேசும் எல்லோரும் சொல்லும் எண் அது. 2011-இல் அரசாங்க அலுவலகங்களில் ஏர்கோனை 24-க்குக் கீழே இறக்கக்கூடாது என்று உத்தரவே வந்தது. என் கணக்கில் 24 ஆரம்பம்தான். பழகிய பிறகு 25, 26-க்கு ஏறலாம்.

ஃபேன் வேகத்தை ஆட்டோவில் விடுங்கள். அறை சூடாக இருக்கும்போது வேகமாக ஊதி, குளிர்ந்ததும் தானே அடங்கும். மடலை மேல்நோக்கி, கிட்டத்தட்டக் கிடைமட்டமாக வையுங்கள். குளிர்காற்று கனமானது, தானாகவே கீழே இறங்கும். மடலைக் கட்டிலுக்கு நேராகத் திருப்பினால் அறை குளிர்வதற்கு முன்பே உங்கள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

அதோடு அரை மணி நேரம் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுங்கள். புதியவர்களுக்கு இதுதான் மிகக் கஷ்டமான படி. காற்று உடனே குளிரவில்லை என்று அணைத்துப் போட்டால் காரியம் கெடும். கம்ப்ரசர் ஒருமுறை நின்றால் சுமார் மூன்று நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஓடும், தன்னைக் காத்துக்கொள்ள அப்படி அமைத்திருக்கிறார்கள். அந்த மூன்று நிமிடமும் வெறும் காற்றுதான் வரும். அதைப் பார்த்து மறுபடி அணைப்பவர் விடியும்வரை அந்த மூன்று நிமிடத்திலேயே சிக்கிக்கொண்டிருப்பார்.

அரை மணி கழித்துக் குளிர் அதிகமாகத் தெரிந்தால் ஒரு டிகிரி ஏற்றுங்கள், போதவில்லை என்றால் ஒன்று இறக்குங்கள். ஒரே தாவலில் ஐந்து டிகிரி வேண்டாம்.

குளிருது, ஆனா பிசுபிசுன்னு இருக்கு

கோலாலம்பூரில் பாதிப் பிரச்சினை சூடு இல்லை, ஈரம். இங்கே மதியம் 32, 33 டிகிரி, விடிகாலையில் 24 வாக்கில். மதுரைக்காரருக்கும் வேலூர்க்காரருக்கும் அந்த 33 ஒரு வெயிலே இல்லை. ஆனால் வேர்வை காயாது. காற்றில் ஏற்கெனவே அவ்வளவு தண்ணீர் இருக்கிறது. ஏர்கோன் செய்யும் பெரிய உபகாரம் அந்தத் தண்ணீரைப் பிடித்து வெளியே விடுவதுதான். குழாயிலிருந்து வெளியே சொட்டும் தண்ணீர் உங்கள் அறைக்காற்றில் இருந்தது.

ஆனால் ரிமோட்டின் எண்ணுக்கு ஈரம் தெரியாது. சென்சார் வெப்பத்தை மட்டும்தான் பார்க்கிறது. இதனால்தான் ஒரு வேடிக்கை நடக்கிறது: அறை சின்னது, ஏர்கோன் பெரியது என்றால் பத்து நிமிடத்தில் 24 வந்துவிடும், கம்ப்ரசர் நின்றுவிடும். ஈரத்தைப் பிடிக்க அதற்கு நேரமே கிடைத்திருக்காது. மெஷினுக்குள் குளிரும் சுருள்குழாயான காயிலின்மேல் நின்ற தண்ணீரையும், ஃபேன் ஓடிக்கொண்டே இருப்பதால், காற்று மறுபடி அறைக்குள் கொண்டுவந்துவிடும். தோல் குளிரும், தலையணை பிசுபிசுக்கும். வந்தவர் உடனே 20-க்கு இறக்குவார். அப்போது குளிரோடு பிசுபிசுப்பும் சேர்ந்துகொள்ளும்.

இந்த நிலையில் தொட வேண்டியது எண் அல்ல. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கூலில் இருந்தபடியே ஃபேனை லோவுக்குக் கொண்டுவருவது. காற்று மெதுவாகப் போனால் காயில் இன்னும் குளிர்ந்து, அதிக ஈரத்தைப் பிடிக்கும். மற்றது டிரை. நீர்த்துளிப் படத்துக்கு மாற்றினால் ஃபேன் மெல்லச் சுற்ற, கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடி, ஈரத்தை எடுப்பதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளும். சாயங்காலம் கொட்டோ கொட்டென்று மழை பெய்து ஓய்ந்த இரவுகளில், வெளியே ஏற்கெனவே 24, 25 இருக்கும்போது, டிரை ஒன்றே போதும். பல மெஷின்களில் டிரைக்கு மாற்றினால் எண்ணையோ ஃபேன் வேகத்தையோ மாற்ற முடியாது. அது கோளாறு இல்லை.

கொதிக்கும் மதியத்தில் டிரை உதவாது. அப்போது கூல்தான். எப்போதும் டிரையிலேயே வைத்தால் பில் பாதியாகும் என்று ஒரு வைத்தியம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, நம்ப வேண்டாம். அறை சூடாக இருந்தால் டிரையிலும் கம்ப்ரசர் ஓடத்தான் செய்யும், அறை மட்டும் குளிராது.

ஈரத்தை நாமே உள்ளே கொண்டுவருவதும் உண்டு. பால்கனி இல்லாத அறையில் துவைத்த துணியைக் கதவில் தொங்கவிட்டு ஏர்கோனைப் போட்டால் அந்தத் துணியின் தண்ணீரையும் அதுதான் எடுக்க வேண்டும். குளியலறைக் கதவைத் திறந்து போட்டிருப்பதும் அதே கதை.

18-இல் வைப்பதன் விலை கரண்டு பில்லில் மட்டும் இல்லை. இந்த ஊர்க் காற்று 23, 24 டிகிரிக்குக் குளிர்ந்த எதையாவது தொட்டாலே நீராக மாறிவிடும் அளவுக்கு ஈரமானது. அறையை 18-க்குக் குளிர்வித்தால் ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் வேர்க்கும். காலையில் கதவைத் திறந்ததும் வெளிக்காற்று புகுந்து, அதன் ஈரம் சுவரில், அலமாரியின் பின்பக்கத்தில், தோல் பெல்ட்டில், செருப்பில் படியும். சில வாரங்களில் அலமாரியை நகர்த்திப் பார்த்தால் சுவரில் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சணம் பூத்திருக்கும். காலி செய்யும்போது ஓனர் அந்தச் சுவரைக் காட்டித்தான் டெபாசிட்டில் கை வைப்பார்.

தூங்கப் போகும்போது

26 வைத்துச் சீலிங் ஃபேனை ஒன்றிலோ இரண்டிலோ சுற்றவிடுங்கள். உடம்பில் காற்று படுவதால் 24-இல் இருப்பதுபோலத்தான் தெரியும். ஏர்கோன் இருந்தால் ஃபேன் போடக்கூடாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தாராளமாகப் போடலாம். அறையில் ஆள் இல்லாதபோது மட்டும் ஃபேனை அணைத்துவிடுங்கள், அது ஆளைத்தான் குளிர்விக்கும், அறையை அல்ல.

ஸ்லீப் என்ற பொத்தான், பெரும்பாலும் பிறைநிலாப் படத்தோடு, நிறையப் பேர் தொடாத நல்ல பொத்தான். அதை அமுக்கினால் நீங்கள் தூங்கியதும் மெஷின் தானாக அரை டிகிரி, ஒரு டிகிரி என்று மெல்ல ஏற்றிக்கொண்டு போகும். விடிகாலையில் உடம்புச் சூடு தணியும், வெளியேயும் குளிர்ந்திருக்கும். அந்நேரம் படுக்கும்போது வைத்த எண் தேவையே இல்லை. ராத்திரி இரண்டு மணி நடுக்கத்துக்கு மருந்து இதுதான்.

ஆஃப் டைமர் இன்னொரு வழி. சில ரிமோட்டில் ‘இத்தனை மணி நேரம் கழித்து’ என்று வைப்போம், சிலவற்றில் ‘இத்தனை மணிக்கு’ என்று கடிகார நேரம் வைக்க வேண்டும். கடிகார வகையில் ஒரு சங்கடம்: பேட்டரி மாற்றியதும் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும். அதைச் சரிசெய்யாமல் டைமர் வைத்தால் விடிகாலை ஐந்துக்குப் பதில் படுத்த அரை மணியில் நின்றுபோகும். முதலில் கடிகாரம், பிறகு டைமர்.

மற்ற பொத்தான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பவர்ஃபுல் அல்லது டர்போ என்பது சில நேரம் மட்டும் முழு மூச்சில் ஓடவிடுவது, பல மாடல்களில் 20 நிமிடத்தில் தானே பழைய நிலைக்கு வந்துவிடும். அவசரமாகக் குளிர வேண்டுமென்றால் 16-க்கு இறக்குவதைவிட இதை அமுக்குவது உத்தமம், மறந்துபோனாலும் நஷ்டம் இல்லை. ஈகோ என்பது மெஷின் இழுக்கும் கரண்டுக்கு ஒரு கடிவாளம், அறை ஏற்கெனவே குளிர்ந்த பிறகு போட்டால் நல்லது. கொயட் சத்தத்தைக் குறைக்கும். ஸ்விங் மடலை ஆட்டும். ஆட்டோ மோட் மாடலுக்கு மாடல் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும், இந்த ஊருக்கு அது தேவையில்லை.

ரிமோட்டே சொதப்பினால்

திரையில் திடீரென்று 75 என்று தெரிந்தால் பயப்படாதீர்கள். தவறுதலாக ஃபாரன்ஹீட்டுக்கு மாறியிருக்கிறது, 75 என்பது ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸ். பல ரிமோட்டில் மேல், கீழ் அம்புக்குறி இரண்டையும் ஒன்றாகச் சில விநாடி அமுக்கிப் பிடித்தால் பழையபடி வந்துவிடும். திரையில் பூட்டுப் படம் தெரிந்தால் லாக் விழுந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டுப் போட்டால் பெரும்பாலும் விட்டுவிடும்.

ரிமோட்டிலிருந்து சிக்னல் வருகிறதா என்று பார்க்கக் கைப்பேசி போதும். முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கைக் கேமராவுக்குக் காட்டி, பொத்தானை அமுக்குங்கள். திரையில் வெளிர் ஊதா நிறத்தில் மினுமினுத்தால் ரிமோட் நன்றாக இருக்கிறது, கோளாறு மெஷின் பக்கம். ரிமோட் தொலைந்தே போனால் மெஷினின் முன்மூடியைத் தூக்கிப் பாருங்கள், வலது ஓரத்தில் சின்னதாக ஒரு பொத்தான் பல மாடல்களில் இருக்கும். அவசரத்துக்கு அதை அமுக்கி ஓடவிடலாம்.

சில ரிமோட்டில் ஃபாலோ மீ அல்லது ஐ ஃபீல் என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் மெஷினுக்குள் இருக்கும் சென்சாருக்குப் பதில் ரிமோட்டில் இருக்கும் சென்சார் வெப்பத்தை அளக்கும். கட்டிலோரம் 25 வேண்டும் என்றால் அருமையான வசதி. ஆனால் அதைப் போட்டுவிட்டு ரிமோட்டைப் போர்வைக்குள் வைத்துத் தூங்கினால், உங்கள் உடம்புச் சூட்டை அறையின் சூடு என்று எடுத்துக்கொண்டு இரவெல்லாம் குளிர்வித்துக்கொண்டே இருக்கும்.

காசுக் கணக்கு

2025 ஜூலையில் இங்கே மின்சாரம் தரும் நிறுவனமான தெனாகாவின் கட்டண முறை மாறியது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் எரிக்கும் வீட்டுக்கு எல்லாக் கூறும் சேர்த்து யூனிட்டுக்கு 44 சென்னுக்குச் சற்று மேல் வருகிறது (நூறு சென் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்). 1,000 யூனிட்டுக்குள் நின்றால் சிக்கனத்துக்கு ஒரு தள்ளுபடி உண்டு, குறைவாக எரித்தவருக்கு யூனிட்டுக்கு அதிகம் கிடைக்கும். எரிபொருள் விலையைப் பொறுத்து மாதாமாதம் சிறு ஏற்ற இறக்கமும் இருக்கும்.

இன்வெர்ட்டர் இல்லாத 1 எச்.பி. (குதிரைத்திறன்) மெஷின் கம்ப்ரசர் ஓடும்போது சுமார் 850 வாட் இழுக்கும் என்று வையுங்கள். எட்டு மணி நேரத் தூக்கத்தில் 25 வைத்து, கம்ப்ரசர் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஓடினால் நாலரை யூனிட், தள்ளுபடிக்கு முன் ஏறக்குறைய 2 வெள்ளி. 16 வைத்து அது நிற்காமலே ஓடினால் 6.8 யூனிட், 3 வெள்ளி. மாதத்துக்கு 60-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசம். வீட்டில் நாலு அறை, நாலு பேரும் 16 என்றால் ஓனர் முகம் ஏன் சுண்டுகிறது என்று புரியும்.

பல வாடகை அறைகளில் ஏர்கோனுக்குத் தனி மீட்டரோ ப்ரீபெய்ட் கார்டோ வைத்திருப்பார்கள். அங்கே யூனிட் விலை ஓனர் வைத்ததுதான், குடிபுகும் முன் கேட்டுவிடுங்கள். அன்றைக்கே மீட்டர் எண்ணைப் படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சர்விஸ் செலவு யாருடையது, கடைசியாக எப்போது செய்தார்கள் என்பதையும் அதே செய்தியில் கேட்டு வையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஏர்கோனின் அளவில் ஒரு குழப்பம் வரும். அங்கே டன், இங்கே எச்.பி. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு). இங்கே 1 எச்.பி. என்று விற்பது சுமார் 9,000, 1.5 எச்.பி. சுமார் 12,000. ஆகவே ஊரில் இருந்த ஒரு டன் இங்கே ஒன்றரை எச்.பி. பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 1 எச்.பி. போதும். மேற்குப் பார்த்த சுவர், மொட்டைக் கூரை என்றால் பெரியதை யோசிக்கலாம். புதிதாக வாங்குபவர்கள் சக்தி ஆணையத்தின் நட்சத்திர லேபிளைப் பாருங்கள், ஒன்று முதல் ஐந்து வரை. தினமும் இரவு முழுக்க ஓடும் அறைக்கு ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் கொடுத்த காசை மீட்டுத் தரும். எப்போதாவது விருந்தினர் தங்கும் அறைக்கு அது வீண்.

எண்ணை மாற்றியும் குளிரவில்லை என்றால்

முன்மூடியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்குங்கள். வலைபோல இரண்டு ஃபில்டர் இருக்கும். மெல்ல மேலே தள்ளி உருவினால் வந்துவிடும். புது அறையில் முதல்முறை உருவுபவர்களுக்குச் சாம்பல் நிறத்தில் கம்பளிபோலத் தூசி ஒரே தகடாக உரிந்து கையோடு வரும். குழாயடியில் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, மாட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். அடைத்த ஃபில்டரோடு எந்த எண் வைத்தாலும் பயன் இல்லை. காற்று போக வழியில்லாமல் காயிலில் ஐஸ் கட்டி, அது உருகித் தரையில் சொட்டும்.

புகைமூட்டக் காலத்தில் ஒன்றை நினைவில் வையுங்கள். சுவர் ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை, அறைக்காற்றையே சுற்றிவிடுகிறது. அதனால் ஜன்னலை அடைத்துவிட்டுப் போடலாம். ஆனால் அந்த வலை ஃபில்டர் தூசியைப் பிடிக்குமே தவிர, புகையின் நுண்துகளைப் பிடிக்காது.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் குளிரவில்லை என்றால் ஆளைக் கூப்பிட வேண்டும். வருபவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, “அண்ணே, கேஸ் கம்மியா இருக்கு, டாப்-அப் பண்ணிடலாமா?” என்று கேட்பார். கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் அல்ல, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. “எங்க லீக்குன்னு பாத்துட்டு அடைங்க தம்பி, அப்புறம் போடலாம்” என்று சொல்லுங்கள். ஒழுகலை அடைக்காமல் போட்ட கேஸ் மறுபடி ஒழுகத்தான் போகிறது. கெமிக்கல் வாஷ் என்பது உள்ளே இருக்கும் காயிலை மருந்து ஊற்றிக் கழுவுவது. ஈரத்துணி வாடை வந்தாலோ, ஃபில்டர் கழுவியும் காற்று குறைவாக வந்தாலோ அது வேண்டும். மற்றபடி சாதாரண சர்விஸ் போதும்.

தண்ணீர் உள்ளே சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாய் அடைத்திருக்கும். வெளிப்பெட்டி திடீரென்று செத்துப்போனால் பல்லியைச் சந்தேகப்படுங்கள். சூடு தேடி சர்க்கிட் போர்டுக்குள் நுழைந்து ஷார்ட் ஆக்கிவிடும், இங்கே சர்விஸ்காரர்களுக்கு இது சர்வசாதாரணம். இடி மின்னல் பலமாக இருக்கும் சாயங்காலங்களில் சுவர் சுவிட்சை அணைத்து வைப்பது போர்டைக் காப்பாற்றும். எரிந்த வாடை வந்தால் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருக்காமல் அந்த சுவிட்சைத்தான் முதலில் அணைக்க வேண்டும், அதன் பிறகு ஓனருக்குப் போன்.